கணித அறிஞர் சு. சிவசங்கரநாராயண பிள்ளை

தமிழ்நாட்டுக் கணித வரலாற்றைப் பேசப் புகுவோர் சீனிவாச இராமானுசன் என்னும் பெயரைக் கூறி அவ்வளவில் அமைந்துவிடுதல் வழக்கமாயிற்று. இராமானுசனது மேதையை மறுப்பார் இலர். ஆயினும், ஓங்கிய சிகரமொன்றை வியந்து நிற்போர் அதே மலைத்தொடரில் எழுந்து நிற்கும் ஏனைய சிகரங்களைக் காணாது விடுதல் முறையாகாது. 1920ஆம் ஆண்டிலே இராமானுசன் மறைந்தபின் அவர் உழுத எண் கணித நிலத்திலேயே இருபது ஆண்டுகளுக்கு மேலாக அயராது உழைத்து, உலகக் கணித அறிஞர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக விடை தேடிய வினாவொன்றுக்கு விடை கண்டவர் சு. சிவசங்கரநாராயண பிள்ளையவர்கள். அன்னாரது வாழ்க்கையையும் ஆராய்ச்சியையும் மாணவர் அறிந்துகொள்ளல் நலம் பயக்கும் என்னும் கருத்தினால் இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

பிள்ளையவர்கள் 1901ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 5ஆந் திகதி பிறந்தார். குற்றால அருவிகளுக்கு அண்மையிலுள்ள வல்லம் என்னும் சிற்றூர் அவரது ஊர். தந்தையார் சுப்பையா பிள்ளை. தாயார் கோமதி அம்மாள். மகவு பிறந்து ஓராண்டளவில் தாயார் காலமானார். தந்தையார் வளர்த்த வளர்ப்பிலே பள்ளி சென்று பயின்ற சிறுவனுக்குப் பள்ளிக் கல்வியின் இறுதியாண்டிலே தந்தையாரையும் இழக்க நேர்ந்தது. பெற்றோர் இருவரையும் இழந்து பொருள்வளமும் அற்ற கிராமத்துப் பிள்ளையொருவனுக்கு அக்காலத்திலே கல்வி அவ்விடத்தோடு முடிந்துவிடுதலே இயல்பு. அவ்வாறு முடிந்துவிடாமற் காத்தவர் சாஸ்திரியார் என்று வழங்கப்பெற்ற பள்ளியாசிரியர் ஒருவர். மாணவனது கணிதத் திறனை உணர்ந்த அவர் தமது சிறு சம்பளத்திலிருந்தே பொருளுதவி செய்து அவனை மேலே படிக்கச் செய்தார் என்பர். அவ்வாசிரியர் எழுதிய நூல் எதுவும் இன்று இல்லை; ஆயினும் அவர் ஈந்த சில ரூபாய்கள் உலகக் கணித நூல்களிலே ஏறியிருக்கின்றன எனலாம்.

நாகர்கோவில் ஸ்கொட் கிறித்தவக் கல்லூரியிலே இடைநிலைக் கல்வியையும், திருவனந்தபுரம் மகாராசாக் கல்லூரியிலே பி. ஏ. பட்டப் படிப்பையும் முடித்த பிள்ளையவர்கள், 1927ஆம் ஆண்டிலே சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி உதவித்தொகை பெற்றுச் சென்னை சேர்ந்தார். அக்காலத்துச் சென்னையிலே கணித ஆராய்ச்சிக்கு நல்ல சூழலொன்று உருவாகியிருந்தது. இராசதானிக் கல்லூரியிலே பேராசிரியர் கே. ஆனந்தராவ் இருந்தார். முதலாம் உலகப் போர்க் காலத்திலே கேம்பிரிட்ஜில் இராமானுசன் இருந்தபோது தாமும் அங்கே பயின்று, பேராசிரியர் ஹார்டியின் ஆராய்ச்சி நெறியை நேரிற் கண்டு, 1919இல் தாயகம் மீண்டவர் அவர். பல்கலைக்கழகத்திலே ஆர். வைத்தியநாதசுவாமி என்னும் மற்றோர் அறிஞர் இருந்தார். இவ்விருவர் சார்பும் பிள்ளையவர்களுக்கு வாய்த்தது. தி. விஜயராகவன், மீனாட்சிசுந்தரம், கே. சந்திரசேகரன் முதலாகப் பின்னாளிற் புகழ் பெற்ற கணித அறிஞர் பலர் ஆனந்தராவின் மாணவரே. இராமானுசன் ஆசிரியர் துணையின்றித் தாமே முளைத்த மரம். பிள்ளையவர்களோ நன்கு அமைந்த தோட்டத்திலே வளர்ந்த மரம். மேதை பிறத்தல் தற்செயலாக நிகழலாம்; ஆராய்ச்சி மரபு தற்செயலாகத் தோன்றாது. அதனை ஆசிரியரே அமைத்தல் வேண்டும்.

1929ஆம் ஆண்டிலே சிதம்பரத்திற்கு அருகே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. அவ்வாண்டிலேயே பிள்ளையவர்கள் அங்கு விரிவுரையாளராகச் சேர்ந்தார். 1941 வரை பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே பணியாற்றினார். ஈழத்தவராகிய நமக்கு அப்பல்கலைக்கழகம் புதியதன்று. 1931 முதல் 1933 வரை அங்கே முதலாவது தமிழ்ப் பேராசிரியராக வீற்றிருந்தவர் நமது சுவாமி விபுலானந்தரே. அறிவியற் பட்டதாரியாகிய சுவாமிகள் தமிழ்த்துறையை வளர்த்த அதே காலத்தில், அதே வளாகத்தின் மற்றொரு துறையிலே இளம் விரிவுரையாளர் ஒருவர் எண்களோடு தனித்து உரையாடிக் கொண்டிருந்தார். பெரிய நூல்நிலையமோ, அயல்நாட்டு அறிஞரின் கூட்டுறவோ அப்புதிய பல்கலைக்கழகத்தில் எளிதிற் கிடைக்கக்கூடியவை அல்ல. அங்கிருந்தே அவர் தமது வாழ்நாளின் தலைசிறந்த ஆராய்ச்சியைச் செய்து முடித்தார்.

அவ்வாராய்ச்சியின் பெருமையை உணர்தற்கு அதன் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். 1770ஆம் ஆண்டிலே கேம்பிரிட்ஜ் பேராசிரியர் எட்வேட் வாரிங் என்பார், எந்த நிறையெண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டாகவோ, ஒன்பது கனங்களின் கூட்டாகவோ, பத்தொன்பது நான்காம் வலுக்களின் கூட்டாகவோ எழுதலாம் என்றும், மேல்வலுக்களுக்கும் இவ்வாறே ஓர் எல்லை உண்டு என்றும் நிறுவலின்றிக் கூறிச் சென்றார். நான்கு வர்க்கங்கள் போதும் என்பதை அவ்வாண்டிலேயே லக்ராஞ்சு நிறுவினார். எஞ்சியவை நெடுங்காலம் நிறுவப்படாமற் கிடந்தன. ஒவ்வொரு வலுவுக்கும் ஏதோ ஓர் எல்லை உண்டு என்பதை 1909இல் ஜெர்மானிய அறிஞர் ஹில்பேட் நிறுவினார். ஆனால் அவ்வெல்லை எத்தனை என்பதை அவரது நிறுவல் காட்டவில்லை. கனங்களுக்கு ஒன்பது என்பது 1909க்கும் 1912க்கும் இடையே வீபரிக், கெம்ப்னர் என்னும் இருவர் முயற்சியால் உறுதியாயிற்று.

வினாவின் ஒரு பாதி எளிது. மாணவரும் தாமே செய்து பார்க்கலாம். கனங்களை எடுத்துக்கொள்வோம். 23 என்னும் எண் 3இன் கனமாகிய 27இலும் சிறிது. ஆகவே அதனை 1இன் கனத்தாலும் 2இன் கனமாகிய 8ஆலும் மட்டுமே ஆக்க முடியும். எட்டு இரண்டும் ஒன்று ஏழுமாக ஒன்பது கனங்கள் வேண்டும். ஒன்று குறையினும் ஆகாது. நான்காம் வலுவில் 79 என்பது அத்தகைய எண்: பதினாறு நான்கும் ஒன்று பதினைந்துமாகப் பத்தொன்பது. ஆறாம் வலுவில் 703ஐக் கொள்க. 3இன் ஆறாம் வலு 729 ஆதலால் அது பயன்படாது. 2இன் ஆறாம் வலுவாகிய 64 பத்தும் 1 அறுபத்து மூன்றுமாக எழுபத்து மூன்று உறுப்புகள் வேண்டும். எனவே ஆறாம் வலுவுக்கு எல்லை 73இலும் குறைதல் இயலாது. பொதுவாகக் கூறின், 3இன் வலுவை 2இன் அதே வலுவால் வகுத்து வரும் ஈவோடு 2இன் அவ்வலுவைக் கூட்டி, அதிலிருந்து 2ஐக் கழித்து வருந் தொகையே அக்கீழெல்லையாகும். இதனைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஒயிலரின் மைந்தர் கண்டிருந்தார்.

அரிய பாதி இனிமேலேதான் உள்ளது. 703க்கு 73 வேண்டும் என்று காட்டுதல் எளிது. ஏனைய எல்லா எண்களுக்கும் 73 போதும் என்று காட்டுவது எவ்வாறு? எண்கள் முடிவிலாதன, ஒவ்வொன்றாகச் சோதித்தல் ஆகாது. இவ்விடத்திலே இராமானுசனது நிழல் இவ்வரலாற்றினுள் வந்து விழுகின்றது. ஓர் எண்ணை எத்தனை வகையாகக் கூட்டுத்தொகையாய்ப் பிரிக்கலாம் என்னும் வினாவுக்கு ஹார்டியும் இராமானுசனும் 1918இல் வெளியிட்ட முறையிலிருந்தே, பின்னர் ஹார்டியும் லிற்றில்வுட்டும் வாரிங்கின் வினாவுக்கான முறையை வகுத்தனர். 1930களின் நடுவே ருசிய அறிஞர் வினோகிராதோவ் அதனை மேலும் கூர்மையாக்கினார். மிகப் பெரிய எண்களுக்கு மிகச் சில வலுக்களே போதும் என்பது இம்முறையால் விளங்கும். ஆனால் அந்த ‘மிகப் பெரிய’ என்பது எழுதி முடியாத அளவு பெரிது. அதற்குக் கீழே கிடக்கும் எண்களுக்கு வேறு வழி காணல் வேண்டும். சிறிய எண்களைப் பட்டியலிட்டுச் சோதித்து, அங்கிருந்து படிப்படியாக ஏறி மேலெல்லையைத் தொடுதல் வேண்டும். மேலிருந்து இறங்கும் ஏணியும் கீழிருந்து ஏறும் ஏணியும் ஒன்றையொன்று தொட்டால் மட்டுமே நிறுவல் முற்றுப்பெறும்.

இவ்விரு ஏணிகளையும் தொடச் செய்தவர் இருவர். ஒருவர் ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டிக்சன். எண் கணித வரலாற்றை மூன்று பெருந்தொகுதிகளாக எழுதிய முதுபெரும் அறிஞர். மற்றவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இளம் விரிவுரையாளர். ஒருவர் முயற்சியை மற்றவர் சாராமலே இருவரும் 1936ஆம் ஆண்டளவில் ஏழாம் வலுவுக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் விடையை வெளியிட்டனர். அதற்கு ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: 3இன் வலுவை 2இன் அதே வலுவால் வகுக்குமிடத்து ஈவும் மீதியும் சேர்ந்து 2இன் அவ்வலுவை மிஞ்சலாகாது. இந்நிபந்தனை நிறைவேறாத வலுக்கள் இருப்பின் முடிவுள்ள தொகையினவே என்பதை 1957இல் மாலர் என்பார் நிறுவினார். 47 கோடிக்கு மேற்பட்ட வலுக்கள் வரை சோதித்தும் அத்தகைய வலு ஒன்றேனும் காணப்படவில்லை என்பது 1990இல் வெளியாயிற்று.

ஆறாம் வலு எஞ்சி நின்றது. வலு குறையக் குறைய இவ்வினா கடினமாதல் இதன் இயல்பு. மேல் ஏணிக்கும் கீழ் ஏணிக்கும் இடையே உள்ள இடைவெளி அகன்று செல்வதே அதற்குக் காரணம். கணிப்பொறி இல்லாத அக்காலத்திலே பிள்ளையவர்கள் கையாலேயே கணக்கிட்டு அவ்விடைவெளியையும் நிரப்பினார். ஆறாம் வலுவுக்கு எல்லை 73 என்னும் அவரது நிறுவல் 1940இல் இந்திய அறிவியற் கழகத்தின் வெளியீட்டிலே வந்தது. மேல்வலுக்களின் புகழிலே டிக்சனுக்குப் பங்குண்டு. ஆறாம் வலுவின் புகழ் பிள்ளையவர்கள் ஒருவருக்கே உரியது.

ஈண்டு ஒரு கருத்தை நோக்குதல் தகும். டிக்சனது கட்டுரைகள் உலகெங்கும் பரவிய அமெரிக்கச் சஞ்சிகைகளில் வெளிவந்தன. பிள்ளையவர்களின் கட்டுரைகளோ பெரும்பாலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகச் சஞ்சிகையிலும் இந்தியக் கணிதச் சங்கச் சஞ்சிகையிலும் வெளிவந்தன. அவற்றைத் தேடிப் படித்தவர் மேனாட்டில் எத்தனை பேர் இருந்திருத்தல் கூடும்? உண்மை ஒன்றே; அதனைக் கண்டவர் இருவர்; ஆயினும் ஒருவர் குரல் உலகச் சந்தையில் ஒலிக்க, மற்றவர் குரல் ஊர் மன்றத்தில் ஒலித்தது. இதனால் பிள்ளையவர்கள் தவறு செய்தார் என்று கூறிவிடலாமா? தாயகத்துச் சஞ்சிகைகள் தாயகத்து அறிஞரின் சிறந்த கட்டுரைகளாலன்றி வேறெதனால் வளரும்? இது தனி மனிதர் புகழுக்கும் ஒரு நாட்டின் அறிவு மரபுக்கும் இடையே எழும் வினா. அவர் தம் புகழிலே சிறிது இழந்தார். அச்சஞ்சிகைகள் அவரால் உயர்ந்தன.

பிள்ளையவர்களின் ஆராய்ச்சி வாரிங்கின் வினாவோடு நின்றதன்று. அடுத்தடுத்து வரும் எண்களின் கூட்டத்தில், ஏனையவற்றோடு பொதுக் காரணியில்லாத எண் ஒன்றேனும் இருக்குமா என்று அவர் வினவினார். பதினாறு அல்லது அதற்குக் குறைந்த எண்கள் தொடர்ந்து வரின் அத்தகைய எண் ஒன்று கட்டாயம் இருக்கும் என்று 1940இல் நிறுவினார். பதினேழு எண்களாயின் அவ்விதி தவறும். 2184 தொடக்கம் 2200 வரையுள்ள பதினேழு எண்களை எடுத்துக் காரணிப்படுத்திப் பார்க்கும் மாணவர், ஒவ்வொன்றும் மற்றொன்றோடு ஏதோ ஒரு காரணியாற் பிணைந்திருத்தலைக் காண்பர். ஓர் எண்ணுக்கும், ஒன்று முதல் அவ்வெண் வரையுள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் உள்ள பொதுக் காரணிகளுட் பெரியவற்றைக் கூட்டி வருந் தொகையை அவர் 1933இல் ஆராய்ந்தார். 6ஐ எடுப்பின் 1, 2, 3, 2, 1, 6 எனக் கூட்டுத்தொகை 15 ஆகும். இது இன்று ‘பிள்ளை சார்பு’ என்னும் பெயராலே வழங்குகின்றது.

அவர் விட்டுச்சென்ற ஊகமொன்று இன்னும் உயிரோடிருக்கின்றது. 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36 என வர்க்கம், கனம் முதலிய வலுக்களை எல்லாம் ஏறுவரிசையில் எழுதுக. அடுத்தடுத்த உறுப்புகளுக்கிடையே உள்ள வித்தியாசங்கள் ஏறியும் இறங்கியும் வரும். வரிசையில் மேலே செல்லச் செல்ல அவை முடிவில் எல்லையின்றிப் பெருகும். அதாவது குறித்த ஒரு வித்தியாசம் முடிவுள்ள தடவைகளே வரும் என்பது பிள்ளையவர்களின் ஊகம். வித்தியாசம் ஒன்றாக வருவது 8, 9 என்னும் ஓரிடத்தில் மட்டுமே என்ற கற்றலானின் பழைய ஊகத்தை உருமேனிய அறிஞர் மிகைலெஸ்கு 2002இல் நிறுவினார். வித்தியாசம் இரண்டு ஆயின் என்ன என்பதற்கே இன்றுவரை முழு விடை இல்லை. நல்ல விடை ஒரு வினாவை முடித்து வைக்கும். நல்ல வினாவோ பல தலைமுறைக்கு வேலை கொடுக்கும். பிள்ளையவர்கள் இரண்டையும் ஈந்து சென்றார்.

1941இல் அண்ணாமலையை விட்டுத் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்திற்குச் சென்ற அவர், ஓராண்டின் பின் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். அங்கு அவரை அழைத்தவர் பேராசிரியர் பிரெடரிக் லெவி. யூதராகப் பிறந்த காரணத்தால் நாசியர் ஆட்சியிலே லைப்சிக் பல்கலைக்கழகப் பதவியை இழந்து, கல்கத்தாவிலே புகலும் பேராசிரியர் பதவியும் பெற்றவர் அவர். தம் நாட்டால் தள்ளப்பட்ட ஜெர்மானியர், தென்கோடித் தமிழரின் திறனை உணர்ந்து வங்கத்துக்கு அழைத்தமை, அறிவுக்கு நாடும் குலமும் இல்லை என்பதற்கு நல்ல சான்று. பிள்ளையவர்கள் கல்கத்தாவில் வாழ்ந்த ஆண்டுகள் அமைதியான ஆண்டுகள் அல்ல. போர், 1943ஆம் ஆண்டின் பஞ்சம், 1946ஆம் ஆண்டின் கலகம், 1947ஆம் ஆண்டின் நாட்டுப் பிரிவினை ஆகிய அனைத்தும் அந்நகரைத் தாக்கின. அவற்றினிடையேயும் அவர் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை.

அதுகாறும் அயல்நாடு சென்றிராத அவருக்கு 1950இலே அழைப்பு வந்தது. பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவகம் ஓராண்டு தங்கி ஆராய அவரை வேண்டியது. ஐன்ஸ்டைன் அப்போது வாழ்ந்த இடம் அது. அவ்வாண்டு உலகக் கணித மாநாடு ஐக்கிய அமெரிக்காவில் ஹாவட் பல்கலைக்கழகத்தில் ஓகஸ்ட் 30ஆந் திகதி தொடங்குவதாயிருந்தது. போரினால் தடைப்பட்டு, பதினான்கு ஆண்டுகளின் பின் கூடிய மாநாடு அது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதியாகப் பிள்ளையவர்கள் புறப்பட்டார். பம்பாயிலிருந்து நியூயோர்க் செல்லும் அவ்விமானம் ஓகஸ்ட் 31ஆந் திகதி கெய்ரோவை விட்டு எழுந்தபின் தீப்பற்றி எகிப்தின் பாலைநிலத்தில் வீழ்ந்தது. அதிலிருந்த ஐம்பத்தைவரும் மாண்டனர். அட்லாந்திக்கின் அக்கரையிலே மாநாடு கூடியிருந்தது. பிள்ளையவர்களோ அதனைக் காணாமலே மறைந்தார். அப்போது அவருக்கு வயது 49.

அவர் மறைந்தபின் வாரிங்கின் வினாவில் ஐந்தாம் வலுவும் நான்காம் வலுவுமே எஞ்சி நின்றன. ஐந்தாம் வலுவுக்கு 37 என்பதைச் சீன அறிஞர் சென் ஜிங்ருன் 1964இல் நிறுவினார். நான்காம் வலுவுக்கு வாரிங் கூறிய 19 என்பது 1986இல் உறுதியாயிற்று. அதனை முடித்து வைத்த மூவருள் டெசுயே, டிரெஸ் என்னும் இருவர் பிரெஞ்சுக்காரர். மற்றவர் இந்தியராகிய ஆர். பாலசுப்பிரமணியன். பிள்ளையவர்களின் கட்டுரைகளையெல்லாம் திரட்டி 2010இல் இரு தொகுதிகளாக வெளிவரச் செய்த பதிப்பாசிரியர் இருவருள் ஒருவரும் இப்பாலசுப்பிரமணியனே. முன்னவர் விட்ட பணியை முடித்தவரே முன்னவர் செய்த பணியையும் காத்தார் என்பது உவகை தரும் செய்தி. ஆயினும் அத்தொகுப்பு வெளிவர அறுபது ஆண்டுகள் சென்றன என்பதையும் மறத்தற்கில்லை.

பிள்ளையவர்களின் வாழ்க்கையிலிருந்து மாணவர் கொள்ளத்தக்கவை பல. கேம்பிரிட்ஜும் பிரின்ஸ்டனும் சென்றாலன்றி உயர்ந்த ஆராய்ச்சி ஆகாது என்று எண்ணுவோர் சிதம்பரத்தை நினைத்துக்கொள்க. அதே வேளையில், தனிமையிலே முயன்றால் எல்லாம் ஆகும் என்று எண்ணுவோர் ஆனந்தராவையும் லெவியையும் நினைத்துக்கொள்க. ஆசிரியராகிய நாமோ, யாவருக்கும் முன்னதாக, அப்பள்ளியாசிரியரை நினைத்தல் கடன். தந்தையை இழந்து, கட்டணம் செலுத்த வழியின்றி, கடைசி வாங்கில் அமர்ந்திருக்கும் மாணவன் ஒருவன் இன்றும் ஏதோ ஒரு வகுப்பில் இருக்கக்கூடும். அவனது கணக்குக் கொப்பியை ஒரு கணம் ஊன்றிப் பார்த்தற்கு நமக்குப் பொழுதுண்டா என்பதே பிள்ளையவர்களின் வாழ்க்கை நம்மிடம் கேட்கும் வினா. அவ்வினாவுக்கு நாம் செயலால் விடை கூறுவோமாக.